இரண்டு சர்வர், ஒருவழிப் பாதை

மார்ச் 3, 2025, திங்கள்

எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் இருக்கும் படச் சர்வரும் சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்திருக்கும் சர்வரும் இனி யார் கையும் படாமல் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று முடிவாகிவிட்டது. இதுவரை யாராவது கோப்புகளை அனுப்பும் எஃப்டிபியைத் திறந்து, ஞாபகம் வந்த ஃபோல்டரை இழுத்துப் போடுவார்கள். ஞாபகம் வராதவை அங்கே இல்லை.

எந்தக் கருவி என்பதில் குழப்பமே இல்லை, இரண்டு இடத்துக் கோப்புகளை ஒன்றுபோல் ஆக்கும் ஆர்சிங்க்தான். 1996-இல் கான்பெராவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மெக்கெராஸ் இருவரும் உருவாக்கியது. பெறும் பக்கம் தன்னிடமுள்ள பழைய கோப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) அனுப்பும். அனுப்பும் பக்கம் தன் கோப்பில் பைட் பைட்டாக நகர்ந்து அவற்றைத் தேடி, பொருந்தாத பகுதியை மட்டும் அனுப்பும். அழகான யோசனை. ஆனால் எங்களுக்கு அதில் பெரிய லாபம் இல்லை; புகைப்படம் ஒருமுறை வந்து சேர்ந்தால் அப்புறம் மாறுவதில்லை. மாறாத கோப்பை அளவையும் கடைசியாக மாறிய நேரத்தையும் மட்டும் பார்த்துத் தாண்டிப் போகிறதே, எங்களுக்கு வேண்டியது அதுதான்.

மார்ச் 5, புதன்

முதல் நகல் முடிந்தது. 400 ஜிபி. எங்கள் அப்லோடு 40 எம்பிபிஎஸ். முழுசாகக் கிடைத்தாலே 22 மணி நேரம் ஆகும். பகலில் மற்றவர்களும் வேலை பார்க்க வேண்டுமே என்று பாதி வேகத்துக்குக் கட்டிப்போட்டேன்.

மூல ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் வரும் சாய்கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கோடு இருந்தால் உள்ளே இருப்பவை மட்டும் போகும். இல்லாவிட்டால் அந்த ஃபோல்டரே போய் அங்கே உட்கார்ந்துகொள்ளும். மூலத்தில் இல்லாததை அங்கே அழிக்கும் 'டெலீட்' சேர்த்த கட்டளை என்றால் இந்த ஒரு கோட்டில் தலையெழுத்தே மாறும். ட்ரை-ரன் (எதையும் மாற்றாத ஒத்திகை) போட்டுப் பட்டியலைப் படிக்காமல் எதையும் ஓட்டக்கூடாது.

மார்ச் 8, சனி

படம் ஏறிய உடனே அங்கே போக வேண்டும் என்கிறார்கள். குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் க்ரானில் மணிக்கு ஒருமுறை என்றால் செய்திப் பிரிவுக்குப் பொறுமை இல்லை. அதனால் எல்சிங்க்டி. லினக்ஸ் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஐநோட்டிஃபை என்ற மாற்ற அறிவிப்பு வசதி மூலம் எந்த ஃபோல்டரில் என்ன மாறியது என்று கேட்டு வைத்துக்கொண்டு, சற்று நேரம் சேர்த்து ஆர்சிங்க்கைக் கூப்பிடும். இயல்பாக 15 வினாடி.

சிக்கல் இங்கேதான். ஐநோட்டிஃபை தானாக உள் ஃபோல்டர்களுக்குள் போகாது, ஒவ்வொன்றுக்கும் தனியாகக் காவல் போட வேண்டும். எங்கள் பழைய கெர்னலில் உச்சவரம்பு 8192. 2004 முதல் நாளுக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் பதிப்புவாரியாக இன்னும் சில என்றால் கணக்கு எப்போதோ தாண்டிவிட்டது. வரம்பை ஏற்றலாம்தான். ஆனால் 2009-ஆம் ஆண்டு ஃபோல்டரை நொடிக்கு நொடி யார் பார்க்கச் சொன்னார்கள்? எல்சிங்க்டி இந்த ஆண்டை மட்டும் கவனிக்கட்டும். மொத்தத்தையும் இரவு 2 மணிக்கு ஆர்சிங்க் ஒருமுறை பார்த்துக்கொள்ளும். முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது தொடங்காதபடி எஃப்லாக் என்ற பூட்டு.

மார்ச் 11, செவ்வாய்

படப் பிரிவு அக்கா கேட்டார்: "தம்பி, நான் இங்கே தெரியாம ஒரு ஃபோல்டரை அழிச்சா அங்கேயும் போயிடுமா?"

"போயிடும்க்கா."

"அப்புறம் எதுக்கு ரெண்டு சர்வர்?"

நியாயமான கேள்வி. மிரர், அதாவது அப்படியே ஒத்திருக்கும் நகல், பேக்கப் இல்லை. இங்கே நடக்கும் அழிவையும் அது சிரத்தையாக நகலெடுக்கும். எல்சிங்க்டியின் இயல்பே அழிப்பையும் பின்தொடர்வதுதான். முதல் வேலையாக அதை அணைத்தேன். இரவு ஓட்டத்தில் டெலீட் உண்டு, ஆனால் அழிபவை அங்கேயே தேதியிட்ட ஒரு ஃபோல்டருக்குப் போகும்படி பேக்கப்-டிர் என்ற அமைப்பு. அதோடு மேக்ஸ்-டெலீட் 200. அதற்குமேல் அழிக்க வேண்டி வந்தால் ஆர்சிங்க் அழிப்பதை நிறுத்திவிட்டு 25 என்ற பிழை எண்ணோடு வெளியே வரும், எனக்கு மெயில் வரும்.

இதைவிட எனக்குப் பயம் இன்னொன்றில். படங்கள் இருக்கும் டிஸ்க் ஒருநாள் மவுண்ட் ஆகாமல் (சர்வரோடு இணையாமல்) போனால்? வட்டைப் படிப்பதில் பிழை வந்தால் ஆர்சிங்க் டெலீட்டைத் தவிர்த்துவிடும். ஆனால் டிஸ்க் இணையாதபோது அதன் இடத்தில் தெரியும் காலி ஃபோல்டர் பிழை இல்லையே. மூலத்தில் ஒன்றுமில்லை, அங்கேயும் ஒன்றுமிருக்கக்கூடாது என்று எடுத்துக்கொள்ளும். சோதனை ஃபோல்டரில் டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்தேன்; அப்படியேதான் செய்தது. எனவே ஸ்கிரிப்ட்டின் முதல் வரியிலேயே மவுண்ட்பாயிண்ட் சோதனை. டிஸ்க் இல்லையென்றால் ஆர்சிங்க்கே கிடையாது.

மார்ச் 12, புதன்

சிங்கப்பூர் பக்க வடிவமைப்பாளர் அங்கிருந்தே படங்களைத் திருத்தி வைக்கலாமா என்று கேட்கிறார். முடியாது என்று சொல்லிவிட்டேன். இருவழி என்றால் யூனிசன் மாதிரி ஒரு மென்பொருள் வேண்டும். அது கடைசியாக இரு பக்கமும் ஒத்திருந்த நிலையைக் குறித்து வைத்துக்கொள்வதால், எந்தப் பக்கம் மாறியது என்று அதற்குத் தெரியும். இரண்டு பக்கமும் மாறியிருந்தால் மனிதனைக் கேட்கும். ராத்திரி 2 மணிக்குக் கேட்டால் யார் பதில் சொல்வது? அங்கே வாசிக்க மட்டும் அனுமதி. திருத்தம் இங்கே அனுப்பட்டும், நாங்கள் ஏற்றுகிறோம்.

மார்ச் 14, வெள்ளி

கேலரிப் பக்கம் சிங்கப்பூருக்குப் போய்விட்டது, படம் இன்னும் போகவில்லை. வாசகர் கண்ணுக்கு வெறும் கட்டங்கள். ஆர்சிங்க் பெயர் வரிசையில் போவதால் கேலரி ஃபோல்டர் முந்திக்கொள்கிறது. டெபியன் என்ற லினக்ஸ் வகையின் மிரர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டன: முதல் சுற்றில் மென்பொருள் பொதிகள், அவை முழுசாக வந்த பிறகு இரண்டாம் சுற்றில் பட்டியல் கோப்புகள். அதே மாதிரி இரண்டாகப் பிரித்தேன். படங்கள் முதலில், பக்கங்கள் பிறகு.

மார்ச் 16, ஞாயிறு

அளவும் நேரமும் ஒத்துப்போனாலும் உள்ளே கெட்டுப்போயிருக்கலாம். அதனால் ஆட்கள் குறைவாக இருக்கும் ஞாயிறு மாலையில், செக்சம் ஒப்பீடு, ட்ரை-ரன்னோடு. இரு பக்கமும் ஒவ்வொரு கோப்பையும் முழுதாகப் படிக்க வேண்டியிருப்பதால் மணிக்கணக்கில் ஓடியது. வித்தியாசம் என்று வந்தவை எல்லாமே விண்டோஸ் தானாக உருவாக்கும் சிறுபடக் கோப்பான தம்ப்ஸ்.டிபி! யாரோ விண்டோஸில் பழைய ஃபோல்டர்களை மேய்ந்திருக்கிறார்கள். விலக்குப் பட்டியலில் சேர்த்தாயிற்று. ஆனால் விலக்கியதை டெலீட்டும் தொடாது. ஏற்கெனவே அங்கே போய்ச் சேர்ந்தவற்றை நாளைக்குக் கையால்தான் அழிக்க வேண்டும்.