புதன்கிழமை நாலரை மணி

ஆய்வு மாணவர் பிரதிநிதிக்கு என்ன அதிகாரம் என்று கேட்டால், ஆபீஸ் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு செமினார் ஹால் சாவியை வாங்கும் அதிகாரம் என்றுதான் சொல்வேன். சென்னை ஐஐடியில் பிஎச்டி செய்துகொண்டிருந்தபோது, எங்கள் துறையில் வேறு யாரும் நிற்காததால் அந்தப் பதவி எனக்கு வந்தது. ஆய்விதழுக்கு அனுப்பிய பேப்பர் ஒன்று ரிவிஷனுக்குத் திரும்பி வந்து கிடந்த நேரம். "உனக்கு எதுக்குடா இந்த வேலை?" என்று லேபில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

பிடெக் மாணவர்களுக்கு பேட்ச் என்று ஒன்று தானாகவே அமைந்துவிடுகிறது. ஒன்றாகச் சேர்கிறார்கள், ஒரே ஹாஸ்டலில் நாலு வருஷம் கிடக்கிறார்கள், ஒன்றாக வெளியேறுகிறார்கள். ஆய்வு மாணவர்களோ ஜூலையில் கொஞ்சம் பேர், ஜனவரியில் கொஞ்சம் பேர் என்று வந்து சேர்கிறார்கள். கோர்ஸ்வொர்க் இருக்கும்வரை சேர்ந்து உட்கார்ந்து அசைன்மென்ட் எழுதுவார்கள். காம்ப்ரிஹென்சிவ் தேர்வு முடிந்ததும் அவரவர் லேபுக்குள் போய்விட்டால், எதிர் லேப்காரர் தீசிஸுக்கு முந்தைய சுருக்கமான சினாப்சிஸைக் கொடுத்தாரா, ஊருக்கே போய்விட்டாரா என்பதுகூடத் தெரியாது. ஒருவர் நாலரை வருஷத்தில் முடிப்பார். இன்னொருவருக்கு ஏழு ஆகும். சாரங்கும் சாஸ்திராவும் பிடெக் பிள்ளைகளின் திருவிழாக்கள். அந்த நாட்களில் கேன்டீனில் இடம் கிடைக்காது என்பதுதான் எங்களில் பலருக்கு அவற்றோடு இருந்த சம்பந்தம்.

2018-இல் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் ஓர் ஆய்வு வந்தது. 26 நாடுகளில் 2,279 பேரிடம், பெரும்பாலும் பிஎச்டி மாணவர்களிடம், கேட்டு எழுதியது. அவர்களில் 41 சதவீதம் பேருக்கு மிதமானது முதல் கடுமையானது வரை பதற்றம். 39 சதவீதம் பேருக்கு அதே அளவில் மனச்சோர்வு. இந்த மாதிரி சர்வேக்கு மனம் நொந்தவர்கள்தான் அதிகம் பதில் எழுதுவார்கள் என்று வாதாடலாம், நானும் வாதாடியிருக்கிறேன். ஆனால் எங்கள் காரிடாரில் மூன்றாம் வருஷத்துக்காரர்களின் முகத்தைப் பார்த்தால் வாதம் பாதியில் நின்றுவிடும்.

வரவேற்பு விழா, பிரியாணி, பாட்டுப் போட்டி எல்லாம் வழக்கம்போல நடத்தினோம். வந்தவர்கள் தங்கள் லேப்காரர்களோடு உட்கார்ந்தார்கள். இல்லையென்றால் தங்கள் மொழிக்காரர்களோடு. தமிழ் பேசும் மேசை, வங்காள மேசை, மலையாள மேசை. சாப்பிட்டுவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். பெரிய விழாக்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏற்கெனவே பழகியவர்களுக்கு அவை நல்ல விருந்து, அவ்வளவுதான்.

உண்மையில் ஏதாவது நடந்தது என்றால் அது டீயில்தான். வாரம் ஒருநாள் மாலை நாலரைக்கு, இரண்டாம் மாடிக் காரிடாரில், டீயும் சமோசாவும். நாற்காலி கிடையாது, போட்டால் மறுபடி மேசைக் கணக்கு வந்துவிடும். பேச்சாளரும் கிடையாது. வாரம் ஒரு லேப் பரிமாற வேண்டும். டீ ஊற்றுபவன் எல்லாரிடமும் "சர்க்கரை போடலாமா?" என்றாவது பேசித்தானே ஆகவேண்டும். வெளி மாநிலத்திலிருந்து வந்து யாரிடமும் பேசாமல் சுற்றிய ஒரு பையன் இப்படித்தான் துறையிலேயே அதிகம் பேருக்குப் பெயர் தெரிந்தவன் ஆனான். ஜன்னலுக்குக் கிரில் இருந்தது பெரிய புண்ணியம். இல்லாவிட்டால் எங்கள் வளாகத்துக் குரங்குகள்தான் நிரந்தர உறுப்பினர்களாக இருந்திருக்கும்.

பேராசிரியர்களைக் கூப்பிடவில்லை. முதல் தடவை ஒருவர் எதேச்சையாக வந்து நின்றபோது, ஸ்காலர்கள் கப்பைக் கையில் பிடித்தபடி விறைத்துக்கொண்டார்கள். துறைத் தலைவரிடம் போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னேன். சிரித்துக்கொண்டே, "அப்ப டீக்குக் காசு மட்டும் தந்தா போதுமா?" என்றார். தரவும் செய்தார்.

ஆரம்பத்தில் வெள்ளிக்கிழமைதான் வைத்திருந்தோம். க்யூஐபி ஸ்காலர்கள் ஒருவர்கூட வரவில்லை. இவர்கள் பொறியியல் கல்லூரி ஆசிரியர்கள். பிஎச்டிக்காக மூன்று வருஷம் கல்லூரியிலிருந்து அனுப்பப்பட்டவர்கள். நாற்பதை ஒட்டிய வயது, குடும்பம் கோவையிலோ விஜயவாடாவிலோ இருக்கும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கே பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கோ ரயிலுக்கோ கிளம்பிவிடுவார்கள். நாளைப் புதனுக்கு மாற்றியதும் வந்தார்கள். இருபத்திநாலு வயசுப் பிள்ளைகள் அவர்களை "சார்" என்றே கூப்பிட்டார்கள். அதை மாற்ற முடியவில்லை, மாற்றவும் வேண்டியிருக்கவில்லை. ஆய்வு எப்படிப் போகிறது என்று பார்க்கும் டாக்டோரல் கமிட்டியை டிசி என்போம். க்யூஐபி ஸ்காலர்களில் ஒருவர்தான், "டிசி மீட்டிங்குக்கு முன்னாடி ஒரு தடவை எங்ககிட்ட பேசிக் காட்டுங்களேன், நாங்க கேள்வி கேக்கறோம்" என்று ஆரம்பித்துவைத்தார். பதினைந்து வருஷம் வகுப்பெடுத்தவர். எந்த ஸ்லைடில் ஆள் தூங்குவான் என்று அவருக்குத் தெரியும். புதன் டீ முடிந்ததும் செமினார் ஹாலில் இந்த ஒத்திகை நடக்கும். வேறு லேப்காரர் கேட்கும் முட்டாள்தனமான கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகியவர்கள் நிஜ டிசியில் தடுமாறவில்லை.

கடைசிவரை வராதவர்களும் உண்டு, குறிப்பாக ஐந்து வருஷம் தாண்டியவர்கள். ஃபெலோஷிப் ஐந்து வருஷத்துக்குத்தான். 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000, பிறகு 42,000. அந்தப் பணம் நின்ற பிறகும் தீசிஸ் நிற்பதில்லை. காசு இல்லாதது ஒரு பக்கம். "எப்ப முடிக்கப் போறீங்க?" என்ற கேள்வி அதைவிடப் பெரிய தொல்லை. ஒரு சீனியரை லேபில் போய்க் கூப்பிட்டபோது, "வந்தா எல்லாரும் அதைத்தானே கேப்பாங்க தம்பி" என்றார். அந்த வாரமே விதி போட்டோம்: அந்தக் கேள்வியைக் கேட்பவர் அடுத்த வாரச் சமோசாவுக்குப் பணம் கட்ட வேண்டும். விளையாட்டாகப் போட்டதுதான், ஆனால் அதன்பிறகு அவர் வந்தார். அபராதம் கட்டியவர்களில் துறைத் தலைவரும் உண்டு.

போஸ்டர் ஒட்டினால் வருபவர்கள் எப்படியும் வந்திருப்பார்கள். மற்றவர்களுக்கு லேப் வாசல்வரை ஒருவர் நடந்துபோய்க் கூப்பிட வேண்டியிருக்கிறது, அதுவும் ஒவ்வொரு வாரமும். பிரதிநிதி வேலையில் என் நேரம் அதிகம் போனது இந்த நடையில்தான். வாட்ஸாப் குழுவில் செய்தி போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்றிருந்தால் நிறைய நேரம் மிஞ்சியிருக்கும். பேப்பரும் சீக்கிரம் போயிருக்கலாம்.

அடுத்த வருஷம் வந்த பிரதிநிதி அசாம்காரர். டீக்கடைக்காரர் நம்பர், சாவி ரிஜிஸ்டர் விவரம், யாரை நேரில் போய்க் கூப்பிட வேண்டும் என்ற பட்டியல் எல்லாம் கொடுத்தேன். ஆள் பேட்மின்டன் பைத்தியம். புதன் டீயை நிறுத்திவிட்டு மாலையில் டபுள்ஸ் வைக்கலாமா என்று கேட்டார். டீயை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், டிசி ஒத்திகையை மட்டும் விடாதீர்கள் என்றேன். அவர் அதற்கு ஒரு ஷெட்யூலே போட்டு ஆபீஸ் போர்டில் ஒட்டிவிட்டார். டபுள்ஸில் க்யூஐபி சார் ஒருவர் எல்லாரையும் தோற்கடித்தாராம்.