பெரும்பாடு கேஸில் நான் கேட்காமல் விட்டது

நேற்று எம்பிபிஎஸ் சப்ளி (மறுதேர்வு) ரிசல்ட் வந்தது. ஓஜி (மகப்பேறு, பெண்கள் நோய்) பாஸ். பேட்ச் நண்பர்கள் எல்லாம் ஹவுஸ் சர்ஜன் ஆகி ஆறு மாதம் ஆகிறது. நான் இப்போதுதான் போகிறேன். அந்த ஆறு மாதத்தையும் தின்றது கேட்காமல் விட்ட ஒரு கேள்வி.

முதல் தடவை செய்முறைத் தேர்வில் எனக்கு விழுந்த கேஸ், ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்திருந்த ஓர் அக்கா. 39 வயது. காப்பித் தோட்டத்தில் கூலி வேலை. "எட்டு மாசமா பெரும்பாடு கண்ணு. பத்து நாளானாலும் நிக்கறதில்ல, கட்டி கட்டியாப் போவுது" என்றார். பெரும்பாடு என்றால் மாதவிடாய் ரத்தம் அளவுக்கு மிஞ்சிப் போவது. ஒரு நாளைக்கு எத்தனை துணி, ராத்திரி எழுந்து மாற்றுகிறாரா, எல்லாம் எழுதிக்கொண்டேன். "வேற வியாதி ஏதாச்சும் இருக்குங்களாக்கா?" "ஒண்ணும் இல்ல கண்ணு." அத்தோடு சரி. கண் இமை வெளுத்திருந்தது, வயிற்றில் கட்டி தட்டுப்படவில்லை. கைனக் கேஸ்தானே என்று நெஞ்சில் ஸ்டெத்தே வைக்கவில்லை.

எக்ஸ்டர்னல் (வெளித் தேர்வாளர்) மேடத்திடம் பாம்-காயின் (PALM-COEIN, இப்படி ரத்தம் போவதற்கான காரணங்களின் பட்டியல்) ஒன்பது எழுத்தையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். முடித்ததும், "கொஞ்சம் பேசாம நில்லு. என்ன கேக்குது?" என்றார்.

டிக், டிக், டிக். சுவர்க் கடிகாரம் இல்லை. அக்காவின் நெஞ்சு.

மேடம் சேலைத் தலைப்பை லேசாக விலக்கினார். நடு நெஞ்சில் நேர்க்கோடாக ஆபரேஷன் தழும்பு. மெட்டல் வால்வு, தினமும் வார்ஃபரின், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை. "அது ஆபரேசன் பண்ணி சரியாப் போச்சுங்களே" என்றார் அக்கா. அவர் பொய் சொல்லவில்லை. கேட்டவன் நான்தான் தப்பாகக் கேட்டேன்.

"இது எந்த எழுத்துல வரும்?" "சி, மேடம்." அதுவும் தப்பு. 2011 பட்டியலில் அது சி (ரத்தம் உறைவதில் கோளாறு). 2018 திருத்தத்தில் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை ஐ-க்கு (சிகிச்சையால் வருவது) மாற்றிவிட்டார்கள். நான் படித்தது சீனியர் கொடுத்த பழைய ஜெராக்ஸ்.

ஆகவே, என் புலம்பலிலிருந்து உங்களுக்கு:

- "வியாதி இருக்கா" என்று கேட்காதீர்கள். "மாத்திரைக் கவரைக் காட்டுங்க" என்று கேளுங்கள். காப்பர்-டி, ஹார்மோன் மாத்திரை, ஊசி எல்லாம் இதோடு சேர்த்து.
- "கடைசியா எப்ப தலைக்கு ஊத்துனீங்க?" அடுத்து யூரின் பிரெக்னன்சி டெஸ்ட். கர்ப்பம் இல்லை என்று தெரியாமல் ஏயூபி (இயல்பில்லாத கர்ப்பப்பை ரத்தப்போக்கு) என்ற சொல்லையே எடுக்காதீர்கள்.
- மாதவிடாய் 24 முதல் 38 நாளுக்கு ஒரு முறை வந்து, 8 நாளுக்குள் நின்றால் நார்மல். 80 மில்லிக்கு மேல் ரத்தம் போனால் அதிகம் என்ற கணக்கு ஆராய்ச்சிக்குத்தான்; அவருடைய அன்றாடம் கெடுகிறதா என்பதே கேள்வி.
- வயசுக்கு வந்ததிலிருந்தே இப்படியா? பல் பிடுங்கியபோது ரத்தம் நின்றதா? வான் வில்லிபிராண்டு (பரம்பரையாக வரும் ரத்தம் உறையாத நோய்) இங்கேதான் மாட்டும்.
- 45 வயது தாண்டினால் எண்டோமெட்ரியல் பயாப்சி (கர்ப்பப்பை உள்சவ்வில் கொஞ்சம் எடுத்துச் சோதிப்பது). அதற்குக் கீழே என்றாலும் குண்டான உடம்பு, பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி) இருந்தால் வயதைப் பார்க்காதீர்கள்.
- ஸ்கேனுக்கு ஓடுமுன் ஸ்பெகுலம் (உள்ளே விரித்துப் பார்க்கும் கருவி) வைத்துப் பாருங்கள். ரத்தம் கர்ப்பப்பை வாயிலிருந்தே வரலாம்.

ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைத் தசைக் கட்டி), அடினோமயோசிஸ் (உள்சவ்வு தசைக்குள் வளர்வது) வித்தியாசத்தை எல்லாரும் எழுதிவிட்டார்கள். கர்ப்பப்பை மேடுபள்ளமாக இருந்தால் முதலாவது, ஒரே சீராகப் பெருத்து வலித்தால் இரண்டாவது. போதும்.

மெமரி கார்டு, டைம் டேபிள் எல்லாம் எனக்கு ஒத்துவராது. வார்டில் உட்கார்ந்து அக்காக்களோடு பேசினால்தான் மண்டையில் ஏறும். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை ஏயூபி-யே வரவில்லை. கர்ப்பப்பை இறக்கத்தோடு ஒரு பாட்டி. பேர் கேட்ட கையோடு, "பாட்டி, மாத்திரைக் கவர் எங்க?" என்றேன். தலையணைக்கு அடியிலிருந்து மஞ்சப்பையை எடுத்துக் கட்டில்மேல் கவிழ்த்தார். சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, இரண்டு மூக்குப்பொடி மட்டை. "பொடி போட்டா தும்மல் வருமா பாட்டி? தும்மும்போது அடி இறங்குதா?" என்று அடுத்த கேள்வி தானாக வந்துவிட்டது.