எல்லை தாண்டும் ஆர்டினரி பஸ்

செங்கோட்டையிலிருந்து கேரளத்தில் உள்ள புனலூர் ரயில் பாதையில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். திருநெல்வேலி அதைவிடத் தூரம். ஆனால் செங்கோட்டை பஸ் நிலையத்தில் நின்று பார்த்தால், தென்காசி, திருநெல்வேலி என்று கூவிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக வண்டி வந்துகொண்டே இருக்கிறது. புனலூர் என்று கேட்டால்தான் ஆளை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். பஸ் இல்லாமல் இல்லை. எப்போது வரும் என்பதை ஒரே ஆளிடம் கேட்டு முடித்துக்கொள்ள முடியாது, அவ்வளவுதான்.

இந்த மாதிரி இடங்களைப் பார்ப்பதற்கென்றே வகுத்துக்கொண்ட பயணம் இது. முன்பதிவு கிடையாது, ஆம்னி பஸ் கிடையாது. செங்கோட்டையில் எல்லை தாண்டிக் கேரளத்துக்குள் போய், களியக்காவிளை வழியாகத் தமிழ்நாட்டுக்குத் திரும்புவது. சென்னை, பெங்களூரு, எர்ணாகுளம் என்று பெரிய ஊர்களுக்கு இடையே வண்டிக்குப் பஞ்சமே இல்லை. போனில் தட்டினால் திரை நிரம்பிவிடும். அதே போனில் தென்காசியிலிருந்து புனலூர் என்று தட்டிப் பாருங்கள். எல்லையோர ஊர்க்காரர்கள் அன்றாடம் ஏறுகிற வண்டிகள் அந்தத் திரைக்குள் வருவதில்லை.

பஸ் நிலையத்தில் கையில் நோட்டுடன் இருந்தவரிடம் கேட்டேன்.

"அண்ணாச்சி, புனலூருக்கு அடுத்த பஸ் எப்போது?"

"நம்ம வண்டியா, கேரளா வண்டியா?"

"எதுவானாலும் சரி."

"நம்ம வண்டி நேரம் சொல்கிறேன். அவர்கள் வண்டி வந்தால்தான் வந்தது. பேசாமல் ரயிலுக்குப் போங்கள், சீட்டாவது கிடைக்கும்."

நியாயமான யோசனை. ஒரே சாலையில் ஓடும் இரண்டு அரசுகளின் பஸ்களுக்கு ஒரே கால அட்டவணை எழுதி மாட்ட இன்றுவரை யாருக்கும் தோன்றவில்லை என்பது அவர் குற்றமா என்ன!

இத்தனைக்கும் இந்த ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தையும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தையும் சேர்ந்தது. மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோதுதான் தமிழ்நாட்டுக்கு வந்தது. சாலையின் குறுக்கே நிற்கும் பழைய வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை இன்னும் இருக்கிறது. அதன் கீழேதான் நம் பஸ்கள் போய்வருகின்றன. எல்லைக்கோடு பின்னால் வந்தது. போக்குவரத்து அதற்கு முன்பே இருந்தது. கொல்லத்தையும் செங்கோட்டையையும் இணைத்த ரயில் 1904-இல் ஓடத் தொடங்கியது. திருவிதாங்கூரின் முதல் ரயில் பாதை அதுதான். தலைநகரான திருவனந்தபுரத்துக்கு 1918-இல்தான் ரயில் போனது.

குறுகலான மீட்டர் கேஜ் பாதையை அகலமாக்க 2010-இல் ரயிலை நிறுத்தினார்கள். அகலப் பாதை முழுமையாகத் திறந்தது 2018-இல். இடைப்பட்ட காலத்தில் செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவே உள்ள மலைக் கணவாயைக் கடக்க பஸ்ஸைத் தவிர வேறு வழி கிடையாது. இப்போது மலையேறும் ரயில்களில் பாலருவி எக்ஸ்பிரஸ்தான் பெயர் பெற்றது. ஆரியங்காவுக்குப் பக்கத்தில் உள்ள அருவியின் பெயரைச் சூட்டிவிட்டு, அந்த அருவி இருக்கும் மலையை இரு திசையிலும் இருட்டில் கடக்கும்படி நேரம் வைத்திருக்கிறார்கள். மலையைப் பார்க்க விரும்புகிறவர்கள் மதுரை - குருவாயூர் ரயிலில் ஏற வேண்டும். தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்த ரயில்களை 2023-இல் ஒன்றாக இணைத்து உருவாக்கிய வண்டி இது. ராஜபாளையம், தென்காசி, புனலூர், கொல்லம், கோட்டயம் என்று சின்ன ஊர்களையும் நடுத்தர ஊர்களையும் கோத்துக்கொண்டு போகிறது. எனக்குத் தெரிந்து எல்லை தாண்டும் ரயில்களில் உருப்படியான யோசனை இதுதான். கொல்லத்திலிருந்து சென்னைக்குப் போகும் ரயிலும் பகலிலேயே மலையைக் கடக்கிறது.

முன்பதிவில்லாப் பெட்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பகவதிபுரம் தமிழ்நாட்டின் கடைசி நிலையம். அதைத் தாண்டியதும் சுரங்கம். உள்ளே போகும்போது வெயில். வெளியே வரும்போது ஜன்னல் கம்பியில் ஈரம். குற்றாலத்துக்குச் சாரலை அனுப்பி வைக்கும் கணவாய் இதுதான் என்பதைப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வண்டி நடைவேகத்துக்குச் சற்றே மேலாக ஊர்ந்தது. எதிரே இருந்த பெண்கள் புனலூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போகிறவர்கள். பாதிப் பேச்சு தமிழில், பாதி மலையாளத்தில், எது எங்கே மாறுகிறது என்று பிடிபடாத வேகத்தில். கழுதுருட்டிக்கும் தென்மலைக்கும் நடுவில் பதின்மூன்று கண் பாலம் வந்தபோது, அவர்களில் ஒருவர் கூடப் பார்க்கவில்லை. கீழே சாலையில் காரை நிறுத்திவிட்டு எங்கள் ரயிலைப் படமெடுத்துக்கொண்டிருந்தவர்களைத்தான் பெட்டிக்குள் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள்.

புனலூரில் இறங்கியதும் பஸ். 1877-இல் கட்டி முடித்த தொங்கு பாலம் நடந்து போகும் தூரத்தில் இருந்தும், மழை விடவில்லை. அஞ்சல், ஆயூர் வழியாகத் திருவனந்தபுரம் போகும் கேரள அரசு பஸ்ஸில் ஏறினேன். பழைய வண்டி. ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. மேலே சுருட்டிக் கட்டிய தார்ப்பாய்த் திரைதான். சாரல் வலுத்ததும் முன் சீட்டிலிருந்து பின் சீட்டு வரை வரிசையாகத் திரையை இறக்கினார்கள். வண்டிக்குள் பட்டப்பகலில் இருட்டு. எந்த ஊர் போகிறது என்று எட்டிப் பார்க்கவும் வழியில்லை. நடத்துநர் மணிக் கயிற்றை இழுப்பதை வைத்துத்தான் கணக்கு: ஒரு மணி அடித்தால் நிறுத்தம், இரண்டு அடித்தால் கிளம்பு. நம் பக்கத்தில் அதே வேலையை விசில் செய்கிறது.

திருவனந்தபுரத்தின் தம்பானூர் பஸ் நிலையத்தில் இரு மாநில வண்டிகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. நாகர்கோவில், திருநெல்வேலி, சென்னை என்று தமிழில் பலகை மாட்டிய பஸ்கள். இங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் இந்த வண்டிகள் எப்படி எல்லை தாண்டுகின்றன என்ற விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

ஒரு மாநிலத்தில் பெர்மிட் வாங்கிய பஸ் பக்கத்து மாநிலத்துக்குள் அப்படியே நுழைந்துவிட முடியாது. அந்த மாநிலமும் பெர்மிட்டில் மேலொப்பம் இட வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 88-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. எந்தத் தடத்தில் எத்தனை பெர்மிட் என்பதை இரண்டு அரசுகளும் உடன்படிக்கை போட்டு முடிவு செய்யலாம். அந்த யோசனையை இரு அரசிதழ்களிலும், அந்த வட்டாரத்தில் மக்கள் படிக்கும் மொழிப் பத்திரிகையிலும் வெளியிட வேண்டும். ஆட்சேபம் சொல்ல அவகாசம் தந்து, அரசிதழில் வெளியாகி 30 நாளாவது கழித்துத்தான் விசாரிக்க வேண்டும். பிறகு உடன்படிக்கையையும் வெளியிட வேண்டும். சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் கோப்புகள் ஒரே நேரத்தில் நகர்ந்தால்தான் ஒரு புதிய தடம் பிறக்கும். நகர்கிறதா என்பது கோப்புக்கே வெளிச்சம்.

உன் வண்டி என் மண்ணில் ஓடும் அளவுக்கு என் வண்டி உன் மண்ணில் ஓட வேண்டும் என்பதுதான் இத்தகைய உடன்படிக்கைகளின் அடிப்படை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கிலோமீட்டரை எண்ணிச் செலவழிக்கிற நிர்வாகம் அதை எங்கே செலவழிக்கும்? நீண்ட தூர வண்டியில்தான். செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் ரப்பர்த் தோட்டத் தொழிலாளிக்கு மிச்சம் மீதிதான் கிடைக்கும். இது என் கணிப்பு. எந்த அதிகாரியும் ஒத்துக்கொள்ளமாட்டார். ஆம்னி பஸ்களின் கதை வேறு. அவை வாங்குவது ஒப்பந்த ஊர்தி பெர்மிட். சட்டப்படி வழியில் கை காட்டுகிறவர்களை ஏற்றி இறக்கக் கூடாது. அதனால் எல்லையோரச் சிற்றூர்களுக்கு அவற்றால் பயனில்லை.

இந்த ஏற்பாடு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்று கொரோனா காலத்தில் தெரிந்தது. 2020 மார்ச்சில் நின்றுபோன தமிழ்நாடு - கேரள பஸ் போக்குவரத்து 2021 டிசம்பர் 1-ஆம் தேதிதான் முழுமையாகத் திரும்பியது. நடுவே பொதுமுடக்கம் தளர்ந்த மாதங்களிலும் அவரவர் பஸ் அவரவர் எல்லையோடு நின்றது. வாளையாறு, புளியரை, களியக்காவிளை எங்கும் மக்கள் மூட்டையோடு இறங்கி, எல்லையை நடந்து கடந்து, அந்தப் பக்கத்து வண்டியைப் பிடித்தார்கள்.

நடந்து கடப்பது சில ஊர்களில் நிரந்தர ஏற்பாடு. குமுளியில் தமிழ்நாட்டு பஸ்கள் எல்லை வாசலுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். கேரள பஸ் நிலையம் அந்தப் பக்கம். கம்பத்திலிருந்து லோயர் கேம்ப் மலைச்சாலையில் ஏறி வருகிறவர்கள் இறங்கி நடக்க வேண்டியதுதான். பெரிய தூரமில்லை என்பதால் யாரும் குறை சொல்வதும் இல்லை. நீலகிரியில் உள்ள கூடலூர் இன்னொரு விதம். மூன்று மாநில பஸ்களையும் ஒரே கடைவீதியில் பார்க்கலாம். ஆனால் மைசூரு போக வேண்டுமென்றால் பந்திப்பூர்க் காட்டுக்குள் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை. 2009-இலிருந்து இருக்கிறது. குறிப்பிட்ட சில பஸ்களுக்கும் ஆம்புலன்ஸுக்கும் மட்டும் விலக்கு. யானைக்காக என்னும்போது நான் வாதாட வரமாட்டேன்.

தம்பானூரில் களியக்காவிளை வரை போகும் கேரள ஆர்டினரி பஸ் கிடைத்தது. நேராக நாகர்கோவில் போகும் வண்டியும் பக்கத்தில் நின்றது. எல்லையில் இறங்கி மாறுவதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதில் ஏறினேன். நெய்யாற்றின்கரை, பாறசாலை என்று நெரிசலிலேயே போகிறது சாலை. திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே 1979-இல்தான் ரயில் வந்தது. அதுவரை முழுப் பாரத்தையும் சுமந்தது இந்தச் சாலையும் அதன் பஸ்களும்தான். ரயில் வந்த பிறகும் கூட்டம் குறைந்ததாகத் தெரியவில்லை.

களியக்காவிளையில் எல்லை எது என்று கண்டுபிடிக்கத் தனிக்கண் வேண்டும். கடைவீதி அறுபடாமல் தொடர்கிறது. கடைப் பலகையின் எழுத்து மாறுவதைப் பார்ப்பதற்குள் பஸ் நிலையமே வந்துவிட்டது. கேரள வண்டி ஒரு மணியோடு நின்றது. இறங்கிய கூட்டத்தில் பாதிக்கு மேல் பெண்கள். மருத்துவமனைப் பையோடு, ஜவுளிக்கடைப் பையோடு, தலையில் துண்டு போட்ட மாமியாரைக் கையில் பிடித்துக்கொண்டு. இறங்கியவர்கள் நின்று யோசிக்கவில்லை. முகப்பில் இளஞ்சிவப்பு அடித்த நம் டவுன் பஸ்ஸை நோக்கி விறுவிறுவென்று நடந்தார்கள். தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எல்லை வரை கேரள வண்டியில் டிக்கெட் எடுத்து, எல்லையிலிருந்து ஊருக்கு இலவசமாகப் போகிறார்கள். நேரடி பஸ் காலியாக நின்றாலும் ஏன் இறங்கி மாறுகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையா? திட்டம் போட்டவர்கள் எல்லையூர்களை நினைத்துப் போட்டிருக்கமாட்டார்கள். பெண்கள் தாமாகவே கணக்குப் போட்டு ஒரு இணைப்பு வண்டி முறையை உண்டாக்கிவிட்டார்கள்.

நான் டிக்கெட் எடுக்க வேண்டியவன். மார்த்தாண்டம், தக்கலை வழியாக நாகர்கோவில் போகும் வண்டியில் பின் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். இரண்டு விசில், வண்டி கிளம்பியது. வடசேரி பஸ் நிலையம் வந்து சேரும்போது மாலை. அங்கே 'எண்ட் டு எண்ட்' என்று எழுதிய திருநெல்வேலி வண்டியில் ஏற நீண்ட வரிசை. வழியில் எங்கும் நிற்காது என்பதால் அதற்குத்தான் கிராக்கி. பக்கத்தில் திருவனந்தபுரம் போகும் கேரள பஸ்ஸின் ஓட்டுநர் டீ குடித்துக்கொண்டிருந்தார். புறப்படும் நேரத்தைக் கேட்டதற்குக் கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினார். சுவரில் இருந்த அட்டவணையில் அவருடைய வண்டியைத் தேடினேன், இல்லை.

அடுத்து உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு போகும் தடம். நாளுக்குச் சில வண்டிகள்தான் ஓடுகின்றன, யானை வந்தால் சாலையிலேயே காத்திருக்க வேண்டும் என்கிறார்கள். இந்தத் தடத்தில் அடிக்கடி போகிறவர்கள் யாராவது காலை முதல் வண்டி எத்தனை மணிக்கு என்று எழுதினால் உதவியாக இருக்கும். நம் வண்டி, அவர்கள் வண்டி இரண்டின் நேரத்தையும் எழுதுங்கள்.