கரிநெருப்பின் அருகே மறுபடியும்

வேலையில் ஒரு பிழை நேர்ந்ததும் மனதுக்குள் இரண்டு வாக்கியங்கள் ஒட்டிக்கொண்டே வரும். "அறிக்கையில் ஒரு எண்ணை மாற்றிப் போட்டுவிட்டேன்" என்பது ஒன்று. "நான் எதற்கும் லாயக்கில்லை" என்பது மற்றொன்று. முதலாவதைத் திருத்தலாம். இரண்டாவதைத் திருத்த வழியே இல்லை, அது எந்தச் செயலையும் சுட்டுவதில்லையே. தேவனுக்கேற்ற துக்கம் மனந்திரும்புதலையும், லௌகிக துக்கம் மரணத்தையும் உண்டாக்கும் என்று 2 கொரிந்தியர் 7:10-ல் பவுல் பிரிப்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

ஆகவே வேதத்தைத் திறக்குமுன் ஒரு தாளை எடுத்து நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: எந்தக் கோப்பு, எத்தனை மணிக்கு, யாருக்குப் பாதிப்பு. வலப்பக்கம் உங்களை நீங்களே திட்டிய சொற்களை, நாகரிகப்படுத்தாமல். இடப்பக்கத்தை மேலதிகாரியிடம் சொல்லியே ஆகவேண்டும். இதைத் தவிர்க்க கிறிஸ்துவுக்குள் இருப்பவர்களுக்கு "ஆக்கினைத்தீர்ப்பில்லை" (தண்டனைத் தீர்ப்பு இல்லை) என்ற ரோமர் 8:1-ன் சொல்லைப் போர்வையாக இழுத்துக்கொள்பவர்கள் உண்டு. மறைத்தது உள்ளே கிடப்பதால் வெட்கம் இரட்டிப்பாகத் திரும்புகிறது. தியானத்துக்கு உரியது வலப்பக்கம்தான்.

வாசிக்க யோவான் 21:9-17 போதும்: உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் சீஷர்களுக்குச் சாப்பாடு கொடுத்து, பேதுருவோடு பேசும் பகுதி. 9 வசனங்கள், 20 நிமிடம். முதல்முறை வாய்விட்டு, இரண்டாம்முறை மெதுவாக, உறுத்தும் சொல்லில் நின்று. மூன்றாம்முறை வாசித்தபின் 5 நிமிடம் சும்மா இருங்கள். அதிகாரம் அதிகாரமாக வாசித்துத் தள்ளினால் அதுவும் இன்னொரு வேலையாகிவிடும், அதிலும் தோற்றதாகவே தோன்றும்.

கவனிக்கவேண்டியது கரிநெருப்பு. இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மூன்று தடவை மறுதலித்த இரவில் குளிர்காய்ந்ததும் கரிநெருப்பில்தான் (யோவான் 18:18). அதே வாசனையின் பக்கத்தில், அதே மூன்று தடவை, "என்னை நேசிக்கிறாயா" என்று இயேசுவின் கேள்வி வருகிறது. ஆனால் "ஏன் அப்படிச் செய்தாய்" என்று ஒருமுறைகூடக் கேட்கப்படவில்லை. முதலில் சாப்பாடு, பிறகு கேள்வி, ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு பொறுப்பு: ஆடுகளை மேய். மூன்றாம் கேள்வியில் பேதுரு துக்கப்படுகிறான். வலியே இல்லாத மீட்பு என்று யாரும் இதைச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. இப்போது வலப்பக்கச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, அந்தக் கரையில் இது யார் வாயிலிருந்தாவது வந்ததா என்று பாருங்கள். வராததை அடித்துவிடுங்கள். பெரும்பாலும் எல்லாமே அடிபடும்.

பாவத்தை அறிக்கையிட்டு மன்றாடும் 51-ஆம் சங்கீதம் அருமையானது, ஆனால் ஏற்கெனவே நொறுங்கிக் கிடப்பவருக்கு முதல் நாளிலேயே அதைக் கொடுப்பது என் பார்வையில் தவறு. தன்னைத் திட்டிக்கொள்ள அவருக்குப் புதிய சொற்கள் கிடைத்துவிடும். வாரக்கணக்கில் தூக்கம் போனாலோ, சாக வேண்டும் என்று தோன்றினாலோ மருத்துவரிடம் போகவேண்டும். ஜெபம் கூடவே வரட்டும்.

இரவுப்பணிக்காரர்களுக்கு 130-ஆம் சங்கீதம் ஒத்துவரும். 8 வசனம்தான். அக்கிரமங்களைக் கணக்கெடுத்தால் யார் நிலைநிற்பான் என்று கேட்டுவிட்டு, விடியலுக்குக் காத்திருக்கும் ஜாமக்காரரிடம் (இரவுக் காவலரிடம்) வந்து நிற்கிறது. பணி மாற்றத்துக்கு முந்தைய அரைமணி நேரத்தில் வாசித்துப் பாருங்கள்.