வளையத் தழும்பு விழும் முன் பார்த்துவிடுங்கள்

ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) ரைஃபிளில் ஏற்றி, அதைப் பிடித்திருக்கும் வளையத்தை முறுக்கிவிட்டால் குழாயின் மேல் மெல்லிய கோடு விழும். கோடு விழுந்த ஸ்கோப் கடைக்காரர் கணக்கில் பழைய பொருள். அமெரிக்காவின் கொலராடோ மலையில் மியூல் மான், எல்க் (பெரிய மான் வகை) வேட்டைக்கு, 6.5 கிரீட்மூர் என்ற தோட்டா போடும் ரைஃபிளுக்காக வாங்கிய ஸ்கோப்பை மாற்ற, இந்த ஒரு கோட்டால் ஃபோர்ட் காலின்ஸுக்கும் டென்வருக்கும் இடையே இரண்டு தடவை கூடுதலாக அலைந்தேன். ஒவ்வொரு தடவையும் போகவர 130 மைல். அடுத்தவர் அலையாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கேட்டது 3-18×44, அதாவது 3 முதல் 18 மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 44 மி.மீ. டரட்டும் (குறியை ஏற்றி இறக்கத் திருப்பும் குமிழ்) ரெட்டிகிளும் (உள்ளே தெரியும் குறிக்கோடுகள்) மில் அளவில், எஃப்.எஃப்.பி. வகை (மடங்கோடு சேர்ந்து ரெட்டிகிளும் பெரிதாகிச் சிறிதாகும்). பெட்டி ஒட்டுச்சீட்டில் அப்படியேதான் இருந்தது. உள்ளே இருந்ததோ அதே மாடலின் எம்.ஓ.ஏ. வடிவம். மில், எம்.ஓ.ஏ. இரண்டும் கோணத்தை அளக்கும் வெவ்வேறு அலகுகள். யாரோ திருப்பிக் கொடுத்ததைப் பெட்டி மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். கடையில் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே மாதிரி சின்னச் சின்னக் கோடுகள்தான். டரட் மேலிருந்த எழுத்தை அங்கேயே படித்திருக்க வேண்டும்.

உண்மை வெளிவந்தது சுடுதளத்தில். 100 கஜத்தில் ஜீரோ செய்துவிட்டு (குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி சரிசெய்துவிட்டு), டரட்டில் 10 வரை ஏற்றிச் சுட்டேன். 10 மில் என்றால் 100 கஜத்தில் குண்டு 36 அங்குலம் மேலே போக வேண்டும். மூன்று குண்டும் பத்தரை அங்குலத்தில் கொத்தாக விழுந்தன. அது 10 எம்.ஓ.ஏ.வின் கணக்கு. இதைக் கவனிக்காமல் காட்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஹார்னடி நிறுவனத்தின் 143 கிரெய்ன் எடையுள்ள ஈ.எல்.டி.-எக்ஸ் குண்டு, நொடிக்கு 2700 அடி வேகம், 100 கஜ ஜீரோ: கடல்மட்டக் கணக்கில் 500 கஜத்துக்குச் சுமார் 3 மில் ஏற்ற வேண்டும். மில் அட்டவணையைப் பார்த்து எம்.ஓ.ஏ. டரட்டில் 3 வைத்தால் குண்டு மூன்றடிக்கு மேல் கீழே இறங்கும். ஒன்று தரையில் படும், இல்லையென்றால் மானின் காலை உடைக்கும். காலுடைந்த மான் மலையில் எங்கேயோ போய்க் கிடந்து சாவதைவிட மோசமான முடிவு வேட்டையில் கிடையாது.

திருப்பிக் கொடுக்கப் போனால் கவுன்ட்டரில் இருந்தவர் குழாயைத் திருப்பிப் பார்த்து, "வளையத் தழும்பு இருக்கிறது, 15 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் எடுப்போம்" என்றார். பெட்டி மாறியதை அவர் காதில் வாங்கவே இல்லை. வீட்டுக்கு வந்து பெட்டியைத் துழாவியபோதுதான் வழி கிடைத்தது: ஒட்டுச்சீட்டில் ஒரு சீரியல் எண், ஸ்கோப்பின் அடிப்பக்கத்தில் வேறொரு சீரியல் எண். மறுபடி போய் மேனேஜரைக் கேட்டு, ரசீது, பெட்டி, ஸ்கோப் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஐந்தே நிமிடத்தில் ஒரு டாலர் பிடிக்காமல் சரியான ஸ்கோப்பைக் கொடுத்தார். பணம் கட்டுவதற்கு முன்பே இரண்டு எண்ணையும் ஒப்பிடுங்கள், டரட்டில் "0.1 மில்" என்று பொறித்திருப்பதைக் கண்ணால் பாருங்கள், பெட்டியை வேட்டை முடியும்வரை எறியாதீர்கள்.

மில்லா எம்.ஓ.ஏ.வா என்பது பழக்கத்தைப் பொறுத்தது. டரட்டும் ரெட்டிகிளும் ஒரே அளவில் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். பழைய ஸ்கோப்களில் ரெட்டிகிள் மில், டரட் எம்.ஓ.ஏ. என்று கலந்து வரும்; மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

கடையில் எனக்குத் தள்ளிவிடப் பார்த்த இன்னும் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று 5-25×56. எடையே கிட்டத்தட்ட ஒரு கிலோ. 25 மடங்கில் வெயில் ஏறியதும் கானல் அலைதான் தெரியும். சுட்டதும் துப்பாக்கி உதைத்து மான் வட்டத்தை விட்டுப் போய்விடும், குண்டு எங்கே பட்டது என்று பார்க்க முடியாது. 500 கஜத்துக்கு 12 முதல் 15 மடங்கு தாராளம். அதற்கு மேல் நான் சுடுவதில்லை, காற்றை அவ்வளவு தூரம் நம்ப முடியாது. இன்னொன்று, தூரத்தை அளந்து புள்ளியைத் தானே காட்டும் மின்னணு ஸ்கோப். கொலராடோ வேட்டை விதிப்படி கணினிச் செயலி (ப்ராசஸர்) உள்ள ஸ்கோப்பைப் பொருத்திய துப்பாக்கி "ஸ்மார்ட் ரைஃபிள்". அதைக் கொண்டு வேட்டையாடத் தடை. விற்பவர் அதைச் சொல்லவே இல்லை. எந்த மாநிலத்தில் வேட்டையோ அந்த மாநிலத்தின் அந்த வருட விதிப் புத்தகத்தை முதலில் படித்துவிடுங்கள். தூரம் அளக்கக் கையில் பிடிக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் போதும்.

கண்ணாடியின் தரத்தைக் கடை விளக்கில் பார்த்து முடிவு செய்யவே கூடாது. அந்த வெளிச்சத்தில் எல்லா ஸ்கோப்பும் பளிச்சென்றுதான் இருக்கும். அனுமதி கேட்டு, சாயங்காலம் வாசலுக்கு எடுத்து வந்து, நிறுத்தியிருக்கும் வண்டிக்கு அடியில் விழும் நிழலைப் பாருங்கள். டயரின் பள்ளங்கள் பிரிந்து தெரிந்தால் நல்ல கண்ணாடி. சட்டப்படி சூரியோதயத்துக்கு அரை மணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்புவரை சுடலாம். மான்கள் வெளியே வருவதும் பெரும்பாலும் அந்த இரண்டு அரை மணியில்தான். முன் கண்ணாடியின் மி.மீ. அளவை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 44ஐ 18ஆல் வகுத்தால் 2.4 மி.மீ., இருட்டில் போதாது. 8 மடங்குக்கு இறக்கினால் 5.5 மி.மீ., தாராளம். எஃப்.எஃப்.பி.யில் மடங்கை இறக்கினால் கோடும் மெலியும். 3 மடங்கில் மயிரிழை போலாகிவிடும். ஓரக் கம்பிகள் தடிமனாக இருக்கின்றனவா, நடுவில் சிவப்பு விளக்கு உண்டா என்று அந்த மங்கலிலேயே பாருங்கள். மடங்கை மாற்றினாலும் கோடு மாறாத எஸ்.எஃப்.பி. வகையில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பெரும்பாலும் உச்ச மடங்கில் மட்டும்தான் ரெட்டிகிள் அளவு பொருந்தும், அவசரத்தில் அது மறந்துபோகும்.

காற்றுக்கு டரட்டைத் திருப்ப நேரம் இருக்காது. மணிக்கு 10 மைல் பக்கவாட்டுக் காற்று 500 கஜத்தில் இந்தக் குண்டைக் கிட்டத்தட்ட ஒன்றேகால் அடி தள்ளும். அதை ரெட்டிகிள் கோட்டிலேயே பிடித்துச் சுட வேண்டும். ஆகவே பக்க டரட்டுக்கு மூடி இருப்பது நல்லது. மேல் டரட்டுக்கு ஜீரோ ஸ்டாப் (ஜீரோவைத் தாண்டிக் கீழே திரும்பாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம். இல்லையென்றால் குளிரில் விறைத்த விரலோடு ஒரு சுற்று தவறிப்போய், எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்றே தெரியாது.

பொருத்துவதில்தான் பாதிப் பேர் நல்ல ஸ்கோப்பைக் கெடுக்கிறார்கள். குழாய் 30 மி.மீ. என்றால் வளையமும் 30. முன் கண்ணாடிக்கும் பேரலுக்கும் நடுவில் விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைய வேண்டும். போல்ட் கைப்பிடியைத் தூக்கும்போது ஸ்கோப்பில் இடிக்கக் கூடாது. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள தூரத்தை உச்ச மடங்கில், குளிர் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, குப்புறப் படுத்துச் சரிபாருங்கள். ஜாக்கெட்டின் தடிமன் தலையைப் பின்னால் தள்ளும். டி-ஷர்ட்டில் வைத்த அளவு மலையில் பொருந்தாது.

சாய்வைப் பார்க்கத் தூக்குக்குண்டு போதும். சுவரில் நூலைத் தொங்கவிட்டு, ரைஃபிளை மட்டமாக நிறுத்தி, ரெட்டிகிளின் நெடுங்கோட்டை நூலோடு பொருத்துங்கள். 3 டிகிரி சாய்ந்திருந்தால் 500 கஜத்தில் குண்டு கிட்டத்தட்ட 3 அங்குலம் பக்கவாட்டில் போகும், பழியைக் காற்றின் மேல் போட்டுக்கொண்டிருப்போம். வளைய மூடியின் திருகுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரே பக்கத்தை முறுக்கினால் ஸ்கோப் அந்தப் பக்கமே சுழலும். டார்க் ரெஞ்சில் (முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பானரில்) 15 முதல் 18 இஞ்ச்-பவுண்டு, தயாரிப்பாளர் வேறு சொல்லியிருந்தால் அது. கடையில் இலவசமாகப் பொருத்தித் தருகிறோம் என்று நீளமான ஆலன் கீயைக் கையில் எடுத்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். குழாய் நசுங்கினால் ஜூம் வளையம் கனக்கும், பேரலாக்ஸ் (கண் அசைந்தால் குறியும் நகர்வதைச் சரிசெய்யும் அமைப்பு) சரியாக நிற்காது, உத்தரவாதத்திலும் சிக்கல் வரும். வளைய மூடித் திருகுக்கு நீல லாக்டைட் (திருகு கழலாமல் பிடிக்கும் பசை) போடாதீர்கள். ஈரப்பசையில் திருகு வழுக்கி, அதே டார்க்கில் கூடுதலாக இறுகிவிடும். அது, வளையத்தைத் தாங்கும் அடிப்பட்டையின் திருகுக்கு மட்டும்.

மாற்றி வாங்கிய ஸ்கோப்பையும் அதே 10 மில் சோதனையில்தான் போட்டேன். ஆறடி அட்டையில் தூக்குக்குண்டு பிடித்து நேர்க்கோடு வரைந்து, தூரத்தை டேப் வைத்து அளந்தேன். சுடுதளத்தில் 100 என்று பலகை இருக்கும் இடம் 97ஆகவோ 103ஆகவோ இருக்கலாம். அந்த மூன்று சதவீதப் பிழையை ஸ்கோப்பின் தலையில் கட்டிவிடுவோம். குண்டுக்கொத்து நின்றது 35.6 அங்குலத்தில். 36க்கு ஒரு சதவீதம் குறைவு, 500 கஜத்தில் அரை அங்குலச் சொச்சம். அந்த விகிதத்தைக் கணக்கு ஆப்பில் போட்டுக்கொண்டேன். கீழே இறக்கி மறுபடி சுட்டபோது பழைய ஜீரோ துளைக்குள்ளேயே குண்டு போனது. இந்த ஒன்றுக்காகத்தான் ஸ்கோப்புக்குக் காசு கொடுக்கிறோம். இரண்டு சதவீதத்துக்கு மேல் பிழையோ, திரும்பிவராத ஜீரோவோ இருந்தால் யோசிக்காமல் தயாரிப்பாளருக்கே அனுப்பிவிடுங்கள்.

ஃபோர்ட் காலின்ஸ் 5,000 அடி, வேட்டை இடம் 9,000 அடி. காற்று மெலிவதால் குண்டு குறைவாக விழும். கஜ எண் பொறித்த டரட், பி.டி.சி. கோடு (குண்டு விழுவதை ஈடுகட்ட ரெட்டிகிளில் போட்ட கோடு) எல்லாம் ஒரு குறிப்பிட்ட தோட்டாவுக்கும் உயரத்துக்கும் செய்தவை. எனவே முகாமின் காற்றழுத்தத்தைப் போட்டு அட்டவணையை அங்கேயே திருப்பிக் கணக்கிடுங்கள்.

புறப்படும் முன் ஒவ்வொரு வளையத் திருகின் தலையிலிருந்து மூடிவரைக்கும், மூடியிலிருந்து குழாய்வரைக்கும் வெள்ளைப் பெயின்ட் பேனாவால் மெல்லிய கோடு இழுத்துவையுங்கள். கரடுமுரடான மண்சாலையில் மணிக்கணக்கில் குலுங்கிப் போய் இறங்கியதும் டார்ச் அடித்து அந்தக் கோடுகளைப் பாருங்கள். ஒன்று முறிந்திருந்தாலும் இரண்டு குண்டு செலவழித்து ஜீரோவைச் சரிபார்த்த பிறகுதான் மலை ஏற வேண்டும்.