ஆறாம் கற்பனையும் எங்கள் வகுப்பும்

அறுபதுகளின் கடைசியில் எங்கள் கொன்வென்றில் படித்தவர்களுக்கு, கத்தோலிக்க சமயம் படிப்பிக்கும் ஞானோபதேச வகுப்பு மறந்திருக்காது. கற்பனைகள் என்று நாங்கள் சொல்லும் கடவுளின் பத்துக் கட்டளைகளையும் ஒவ்வொன்றாக விளக்குவார்கள். ‘மோக பாவம் செய்யாதிருப்பாயாக’ என்ற ஆறாவது வந்ததும் ஒருமுறை வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். விளக்கத்துக்குப் பதிலாகப் புனித மரிய கொரற்றியின் கதை வரும். இத்தாலியில், தன்னைக் கெடுக்க வந்தவனுக்கு இணங்காமல் 1902இல் கத்திக்குத்துப்பட்டு இறந்த 11 வயதுச் சிறுமி அவள். 1950இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் அவளுக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்.

சாகும் நேரத்தில் அவள் அவனை மன்னித்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் இளகும். ஆனால் எங்களுக்கு அந்தக் கதையைச் சொன்ன விதத்தில், உயிரைவிடக் கற்புப் பெரிது என்பதுதான் மனதில் தங்கியது. ஒருவன் பலவந்தம் செய்தால் பாவம் முழுவதும் அவனுடையது என்று யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. அப்படி ஒன்று நடந்து, வீட்டிலும் சொல்லாமல், சுவாமியிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் அதைத் தன்னுடைய பாவமாகச் சொன்ன தோழி ஒருத்தி எனக்கு இருந்தாள். பிள்ளை பெற்ற பிறகுதான் என்னிடம் சொன்னாள். அதை நினைக்கும்போது எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

எங்களுக்கு மேல்வகுப்பு அக்கா ஒருவர் சைவப் பையனை விரும்பினார். அந்தக் காலத்தில் வேதக்காரர், அதாவது கத்தோலிக்கர், வேறு சமயத்தவரை முடிப்பதற்கு ஆயரின் அனுமதி வேண்டும். பிள்ளைகளை வேதத்திலே வளர்ப்போம் என்று இரண்டு பேருமே வாக்குக் கொடுக்கவும் வேண்டும். பையனின் வீட்டார் அதற்குச் சம்மதிக்கவில்லை. 1970இல் பாப்பரசர் 6ஆம் சின்னப்பர் இந்த ஒழுங்கைத் தளர்த்தினார். வேதக்காரர் வாக்குக் கொடுத்தால் போதும், மற்றவருக்கு அதை அறிவித்தால் சரி என்றாகியது. அதற்குள் பையனுக்கு வேறு இடத்தில் கலியாணம் முடிந்துவிட்டது. அக்கா கடைசிவரைக்கும் தனியாகவே இருந்தார்.

அதே சின்னப்பர்தான் 1968 ஜூலையில், செயற்கைக் கருத்தடை கூடாது என்ற சுற்றுமடலை எழுதியவர். அவருக்கு ஆலோசனை சொல்ல அமைக்கப்பட்டிருந்த குழுவில் பெரும்பாலானோர் அனுமதிக்கலாம் என்றே சொல்லியிருந்தார்கள். அந்த விவரம் எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை. தடை மட்டும் வந்தது. ஒன்பது பெற்ற என் அம்மா, “ஆண்டவர் தாறதை வேண்டாமெண்டு சொல்லக்கூடாது பிள்ளை” என்பார்.

எனக்கு மூன்றாவது பிள்ளை ரொறன்ரோவில் பிறந்தது. இரத்த அழுத்தம் ஏறி, பிழைத்ததே பெரிய காரியம். இனி வேண்டாம் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார். மெல்பேர்ணைச் சேர்ந்த பில்லிங்ஸ் என்ற மருத்துவத் தம்பதி உருவாக்கிய, கருத்தரிக்கும் நாட்களை அறிந்து விலகியிருக்கும் இயற்கை முறையைக் கோயிலில் படிப்பித்தார்கள். அது ஒத்துப்போகும் குடும்பங்கள் உண்டு, குறை சொல்லமாட்டேன். எங்களுக்கோ அட்டவணையைப் பார்த்துப் பார்த்துப் பயம்தான் கூடியது. இவரும் நானும் ஒரு வீட்டில் அந்நியர்போல் இருந்தோம். கடைசியில் லூப் என்ற கருத்தடைச் சாதனத்தைப் போட்டுக்கொண்டேன். அது பாவம் என்ற எண்ணத்தில், அப்புறம் பூசைக்குப் போவேன், நன்மை (நற்கருணை) எடுக்க எழும்பமாட்டேன். பிள்ளைகள் ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல வராது.

இதைக் கவனித்த வயதான கனேடியச் சுவாமி ஒருவர் என்னைக் கூப்பிட்டுக் கதைத்தார். அந்தச் சுற்றுமடல் வந்து இரண்டு மாதத்துக்குள், 1968 செப்டெம்பரில், கனேடிய ஆயர்கள் வினிப்பெக்கில் கூடி ஓர் அறிக்கை விட்டார்களாம். போதனையைக் கடைப்பிடிக்க உண்மையாக முயன்றும் முடியாமல், தங்களுக்குச் சரியென்று படும் வழியை நேர்மையாகத் தெரிந்தெடுப்பவர்கள் நல்ல மனச்சாட்சியோடுதான் நடக்கிறார்கள் என்பது அதன் சாரம். திருச்சபைக்குள் இன்றும் அந்த அறிக்கையை எதிர்ப்பவர்கள் உண்டு. எனக்கு அது அடுத்த ஞாயிறே நன்மை எடுக்க வழிவிட்டது. மனச்சாட்சி என்று ஒன்று இருக்கிறது, அதைப் படிப்பித்து வளர்க்கலாம் என்பதைப் பதினைந்து வயதிலேயே எங்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

கொன்வென்ற் தந்த நன்மையையும் சொல்லத்தான் வேண்டும். சாகும்வரை ஒருவருக்கொருவர் என்ற வாக்கை நானும் இவரும் விளையாட்டாக எடுக்கவில்லை. ஊரைவிட்டு வந்த காலத்திலும், இவர் வேலையில்லாமல் இருந்த காலத்திலும் அந்த வாக்கு எங்களைத் தாங்கியது. என் பேத்திக்கும் அது கிடைக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன், பயம் இல்லாமல்.

நமது பழைய மாணவர் சங்கம் கொன்வென்றின் பரிசளிப்பு விழாவுக்கும் கட்டிடத்துக்கும் காசு அனுப்புகிறது. அடுத்த பொதுக்கூட்டத்தில் நான் ஒன்று கேட்கப்போகிறேன். மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு சிஸ்டரும் ஒரு தாதியும் சேர்ந்து, உடம்பைப் பற்றியும் சம்மதத்தைப் பற்றியும் கலியாணத்தைப் பற்றியும் ஒளிவுமறைவில்லாமல் கதைக்கும் வகுப்புக்கு நாம் உதவவேண்டும். நம்மிடையே ஓய்வுபெற்ற தாதிமாரும் டொக்டர்மாரும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். பாடத்தைத் தயாரிக்க முன்வருபவர்கள் செயலாளரிடம் பெயரைக் கொடுங்கள்.