நெய்தலில் ஒரு சிரிப்பு

மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில் இன்று மாலை, நாவலொன்றை மடியில் வைத்துத் தனியே சிரித்த என்னை, கச்சான் விற்கும் அம்மா சற்றுக் கவலையோடு பார்த்தார்.

அந்நாவலில், வேலியோரம் பாடுவதற்கென்று இரவெல்லாம் கவி கட்டிச் சென்ற மீனவ இளைஞன், அப்பால் நின்ற காதலியின் தாய் "நீ என்ன குடி, மனே?" என்று கேட்டதும் பாட்டை மறந்து விழிக்கிறான்.

தாய்வழி வரும் குலப்பிரிவான குடி ஒன்றானால் இருவரும் உடன்பிறந்தோர் முறையாகிவிடுவர் என்பதை மட்டக்களப்பாருக்கு விளக்க வேண்டியதில்லை.

சங்கப் புலவர்கள் கடல்சார்ந்த நிலமாகிய நெய்தலுக்கு, பிரிவால் வருந்தும் இரங்கலை உரிப்பொருளாக்கினார்கள். எங்கள் கரையில் காதலைத் தடுப்பது கடலன்று, முறை தெரிந்த மாமிமாரே என்பதைப் புலம்பாமல் சிரித்தபடி சொல்கிறது இந்நாவல்.

பெண்வீட்டில் குடியேறும் மாப்பிள்ளைக்கு (அது எங்கள் வழக்கந்தான்) இறுதியில் மாமியாரே தோணியும் வாங்கிக் கொடுப்பது மட்டும் எனக்குச் சற்று மிகையாகத் தோன்றியது.